வைகறையில் ஏறும் மலை

போடிநாயக்கனூரில் மலைக்கு ஆள் ஏறும் நேரம் வைகறை. தெருவிளக்கு அணைவதற்கு முன்பே ஜீப்புகள் வந்து நின்றுவிடுகின்றன. சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, தலையில் சுற்றிய துண்டு, கையில் தூக்குவாளி, மடித்து இடுக்கிய சாக்கு என்று பெண்கள் அடுத்தடுத்து ஏறுகிறார்கள். இடம் தீர்ந்த பிறகும் ஏறுகிறார்கள். "இன்னும் ரெண்டு பேருதான், உள்ள தள்ளி உக்காருங்கத்தா" என்று ஓட்டுநர் கெஞ்சலும் அதட்டலுமாகச் சொல்கிறார். முந்தல் வழியாகப் போடிமெட்டு ஏறி, எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஏலத்தோட்டங்களில் இவர்களை இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கொண்டுவர வேண்டும் அவருக்கு.

தொல்காப்பியம் படித்தவனுக்கு இந்தக் காட்சி இடறும். மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி. அதற்குரிய சிறுபொழுது யாமம். யானை உலவும் வழியில், காட்டாற்றைக் கடந்து, தலைவன் இருட்டில் வரும் நேரம் அது. வைகறையை இலக்கணம் மருதத்துக்குக் கொடுத்துவிட்டது. வயலுக்கும் ஊடலுக்கும் உரிய பொழுது. பொருள் தேடிப் பிரிவது பாலை. அதில் பிரிகிறவன் ஆண், சுவரில் கோடு கிழித்து நாள் எண்ணுகிறவள் பெண். போடியில் மருதத்தின் பொழுதில், குறிஞ்சியின் நிலத்துக்கு, பாலையின் ஒழுக்கத்தோடு பெண் கிளம்புகிறாள். வீட்டில் நாள் எண்ண யாரும் இல்லை. அன்றைக்கே திரும்பிவிடுகிற பிரிவுக்குத் துறை எதுவும் வகுக்கப்படவும் இல்லை.

திணை மயக்கம் என்று சொல்லித் தப்பிக்கலாம். உரையாசிரியர்கள் அதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு உறுத்துவது வேறு. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று கருப்பொருள்களை அடுக்குகிறது தொல்காப்பியம். தொழில் அந்த வரிசையில் இருக்கிறது. குறிஞ்சிக்குத் தினை விளைத்தலும் தேன் எடுத்தலும் கிழங்கு அகழ்தலும் தொழில்கள். ஆனால் பாட்டின் உயிர் என்று சொல்லப்படும் உரிப்பொருள் புணர்தல். தலைவி பகல் முழுவதும் பரண் மீது நின்று கிளி ஓட்டுகிறாள். பாட்டு அந்த உழைப்பைப் பற்றியது அல்ல, அங்கே வந்து நிற்கும் அவனைப் பற்றியது. தினை அறுத்து முடிந்தால் அவளை வீட்டுக்குள் அடைப்பார்கள். அப்போது அவள் அழுவதும் வேலை போனதற்காக இல்லை. வேலை அங்கே மேடை, நாடகம் வேறு. இந்தச் சரிவிலிருந்து வந்த எழுத்தாளர்கள் இந்த மேடையை என்ன செய்தார்கள் என்று பார்க்கத்தான் போடிக்கு வந்திருந்தேன்.

வந்தது ரயிலில். மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதை 2010 டிசம்பர் கடைசியோடு நின்றுபோய், அகலப் பாதையாகி, 2023 ஜூன் 15-ல்தான் போடி வரைக்கும் மறுபடி ரயில் வந்தது. ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டியதும் நிலம் சரிந்து இறங்கி, மேற்கே மலை ஒரு மதில்போல் எழுந்து நிற்கிறது. வலது பக்கம் எங்கோ வைகை அணை. 1959-ல் அது திறக்கப்பட்டபோது மூழ்கிய ஊர்களைத்தான் வைரமுத்து 'கள்ளிக்காட்டு இதிகாச'த்தில் எழுதினார். 2003-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது அதற்குக் கிடைத்தது. அரசர்களுக்கு உரிய தலைப்பைப் பேயத்தேவர் என்கிற சம்சாரியின் தலையில் தூக்கி வைத்தது நாவலின் முதல் துணிச்சல். உள்ளே நடையும் இதிகாசத்தின் உச்சக் குரலிலேயே ஓடுவது எனக்குச் சில இடங்களில் களைப்பாக இருந்திருக்கிறது. மரபின் பெயரை எடுத்துக்கொள்கிறவர் அதன் குரலையும் எடுத்தாக வேண்டுமா என்ற கேள்வி அங்கேயே தொடங்கிவிட்டது.

போடி ஏலக்காய் ஊர். காற்று திரும்பினால் சில தெருக்களில் அந்த வாசனை வரும். இலவம்பஞ்சும் மாம்பழமும் காப்பியும் உண்டு என்றாலும் ஊரின் நாடி ஏலக்காய் விலையில் துடிக்கிறது. ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் இங்கேயும், எல்லைக்கு அப்பால் புற்றடியிலும் நடக்கிறது. தோட்டத்திலிருந்து ஸ்டோருக்குப் போகும் பச்சைக்காய் காய்ந்து வரும்போது ஏறக்குறைய ஐந்து கிலோ ஒரு கிலோவாகச் சுருங்கும். பிறகு சல்லடையில் ஏறி, எட்டு மில்லிமீட்டருக்கு மேல், ஏழுக்கு மேல் என்று பிரிந்து, நிறம் பார்த்துப் பொறுக்கப்படும். அந்த வேலைக்கும் பெண்கள்தான்.

எஸ். செந்தில்குமார் இந்த ஊர்க்காரர். அவருடைய 'கழுதைப்பாதை' நாவல்தான் என்னை இங்கே இழுத்தது. சாலையும் ஜீப்பும் வருவதற்கு முன்னால் மலைத்தோட்டங்களுக்கு உப்பும் அரிசியும் பிறவும் கழுதைகள் மீது ஏறின. காப்பியும் ஏலமும் அதே கழுதைகள் மீது இறங்கின. கழுதை போகாத இடத்துக்குத் தலைச்சுமைக்காரர்கள். அவர்களுடைய உலகத்தை, மலையில் வாழும் முதுவர்களின் உலகத்தோடு சேர்த்துப் பின்னிய நாவல் அது. தமிழில் மலையைப் பற்றிய எழுத்து குறைவில்லை. ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித் தேன்' 1960-களிலேயே நீலகிரிப் படகர்களின் தலைமுறைகளைக் குறிஞ்சி பூக்கும் கணக்கோடு சேர்த்துச் சொன்னது. தேவகுலத்தார் குறுந்தொகையின் மூன்றாம் பாட்டில் அந்தப் பூவின் தேனைக் கொண்டுதான் மலைநாடனை அடையாளம் காட்டுகிறார். ராஜம் கிருஷ்ணனின் தலைப்பு அந்த மரபின் மடியில் வசதியாக உட்கார்ந்துகொள்கிறது. செந்தில்குமார் தலைப்பிலேயே அந்த மடியிலிருந்து எழுந்துவிடுகிறார். கழுதைக்குச் சங்கப் பாட்டில் இடம் இல்லாமல் இல்லை. தோற்ற மன்னனின் மண்ணைக் கழுதை ஏர் பூட்டி உழுது பாழாக்குவதைப் புறப்பாடல்கள் சொல்கின்றன. அவமானத்தின் விலங்கு அது. குறிஞ்சியின் யானைக்கும் புலிக்கும் பக்கத்தில் அதை நிறுத்திப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை.

மூணாறு பேருந்து முந்தலைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. போடிமெட்டு வரைக்கும் 17 கொண்டை ஊசி வளைவுகள். முதல் வளைவுகளில் இலவமும் புளியும் கூட வருகின்றன. பிறகு பாறை. மழைக்காலமாக இருந்தால் புலியூத்து சாலையிலேயே வந்து விழும். வடக்கே குரங்கணி, கொட்டகுடிப் பக்கத்து மலைமடிப்புகள். அந்த உச்சியில் டாப் ஸ்டேஷன். மூணாற்றுத் தேயிலையைச் சிறு ரயிலில் அதுவரை கொண்டுவந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறக்கினார்கள் கம்பெனிக்காரர்கள். 1924 வெள்ளம் அந்த ரயில் பாதையைக் கொண்டுபோனது. வெள்ளைக்காரன் தேயிலைக்கு ரயிலும் கம்பிவடமும் போட்டான். ஊர்க்காரனின் உப்பும் கருவாடும் விலங்கின் முதுகிலும் மனிதனின் தலையிலும்தான் ஏறின. ரயிலைப் பற்றியும் கம்பிவடத்தைப் பற்றியும் வரலாற்று நூல்களும் பழைய புகைப்படங்களும் இருக்கின்றன. கழுதைத்தடத்துக்கு இருப்பது ஒரு நாவல்.

தடம் இன்னும் முழுவதும் அழியவில்லை. தேனி மாவட்டத்து மலைக்கிராமங்கள் சிலவற்றுக்குத் தேர்தல் சமயத்தில் வாக்கு இயந்திரங்கள் குதிரை முதுகில்தான் போகின்றன. தேவாரத்துக்காரர்கள் சாக்கலூத்து மெட்டுப் பாதையைச் சாலையாக்கச் சொல்லிப் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

வளைவுகளில் பேருந்து திணறும்போது செந்தில்குமாரின் இன்னொரு நாவல் நினைவுக்கு வந்தது. 'காலகண்டம்' நகை செய்யும் ஆசாரிமார்களின் தலைமுறைகளைப் பற்றியது. தமிழில் பொற்கொல்லன் என்றதும் வரும் முகம் எது? கோவலனைக் காட்டிக்கொடுத்தவனின் முகம். பெயர்கூட இல்லாத அந்த ஒருவனுக்காக, கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லரைக் கண்ணகிக்குப் பலியிட்டதாகச் சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை சொல்கிறது. எப்போது படித்தாலும் அந்த இடத்தில் எனக்குக் கண் நின்றுவிடும். ஒருவனுக்கு ஆயிரம்! காப்பியம் அதை மழை பெய்வித்த நற்செயலாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. ஒரு காவியத்தால் கெட்ட பெயர் வாங்கிய தொழிலைப் பற்றி, அந்தக் காவியத்தின் நாயகி நடந்து வந்த திசையில் பிறந்த ஒருவர் நாவல் எழுதுகிறார். சிலம்புக்கு மறுப்பு எழுதியாக வேண்டும் என்று கிளம்பவில்லை. உலையும் ஊதுகுழலும் நகைக்கு வந்த ஆளும் வராத கூலியும் தெரிந்தவர் எழுதினார், அவ்வளவுதான். மரபை எதிர்ப்பதற்குப் பல நேரங்களில் மரபின் பெயரைக்கூட உச்சரிக்க வேண்டியதில்லை.

கண்ணகியின் திசை என்றேனே, அது இந்த மலைத்தொடர்தான். மதுரையை எரித்துவிட்டு வைகைக் கரையோடு மேற்கே நடந்து, மலை ஏறி, வேங்கை மர நிழலில் நின்றாள். இங்கிருந்து தெற்கே, கூடலூருக்கு மேலே மங்கலதேவி மலையில் இருக்கும் சிதைந்த கோயிலே அந்த இடம் என்று 1960-களில் அடையாளம் காட்டியவர் புலவர் சி. கோவிந்தராசனார். வருடத்துக்கு ஒரு நாள், சித்ரா பௌர்ணமிக்கு, இரு மாநில அதிகாரிகளின் கண்காணிப்பில் சனம் ஏறுகிறது. அதுதான் இடமா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. காப்பியத்துக்குள் நடப்பதுதான் எனக்கு முக்கியம்.

கண்ணகி விண்ணுலகம் போனதைக் கண்ணால் கண்டவர்கள் குன்றக்குறவர்கள். மலைவளம் பார்க்க வந்த சேரன் செங்குட்டுவனிடம் அவர்கள்தான் சொல்கிறார்கள். வெறுங்கையோடு வரவில்லை. காட்சிக் காதையில் அவர்கள் கொண்டுவந்த பொருள்களின் பட்டியல் நீளமானது. யானைத் தந்தம், அகில், சந்தனம், தேன் குடங்கள். அந்த வரிசையில் ஏலக்கொடியும் மிளகுக்கொடியும் உண்டு. இத்தனையையும் தலைமேல் சுமந்து வந்தார்கள் என்று இளங்கோ எழுதியிருக்கிறார். ஏலம் தலைச்சுமையாக மலையிலிருந்து இறங்கும் காட்சி தமிழின் முதல் காப்பியத்திலேயே இருக்கிறது! அந்தச் சுமையோடு சேர்ந்துதான் கண்ணகியின் கதையும் இறங்கியது. சாத்தனார் மதுரையில் நடந்ததைச் சொல்ல, இளங்கோ காப்பியம் செய்தார். அரசன் அல்லாத ஒருவனின் மனைவியைக் காப்பியத் தலைவியாக்கியது அவருடைய மரபு மீறல். ஆனால் கதையை வாங்கிக்கொண்ட கை சுமையைப் பட்டியலோடு விட்டுவிட்டது. அந்தக் குறவர்கள் எவ்வளவு தூரம் நடந்தார்கள், கழுத்து வலித்ததா, எதில் இறக்கி வைத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. செந்தில்குமார் கேட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். இடையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டது.

முதுவர்களிடமும் ஒரு கதை இருக்கிறது. அவர்களின் முன்னோர் மதுரையிலிருந்து வந்தவர்கள். மீனாட்சியை முதுகில் சுமந்து மலையேறினார்கள். கண்ணகி மூட்டிய தீயால் என்று சிலரும், பிறகு நடந்த ஒரு போரால் என்று சிலரும் சொல்கிறார்கள். எழுதப்பட்ட மரபு மதுரையிலிருந்து ஒரு பெண்ணைத் தனியாக மலைக்கு அனுப்பியது. எழுதப்படாத மரபு தெய்வத்தையே பொதியாக்கிச் சுமந்து வந்தது. இரண்டாவதில் உழைப்பு தெரிகிறது.

போடிமெட்டில் இறங்கினால் குளிர் சட்டைக்குள் புகுகிறது. சோதனைச் சாவடி, தேநீர்க் கடைகள், பலாப்பழமும் கொய்யாவும் விற்கும் தள்ளுவண்டி, கீழே பார்த்துப் படம் எடுக்கும் கூட்டம். தரையில் போடியும் தென்னந்தோப்புகளும் வெயிலில் கிடக்கின்றன. 1956-ல் மாநிலங்கள் பிரிந்தபோது இந்தக் கோட்டுக்கு அப்பால் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. தோட்டங்களில் பெரும்பாலோர் தமிழர் என்பதால் நடந்த போராட்டம் பலிக்கவில்லை. கோடு விழுந்தபின் அதே மக்களிடம் ஓட்டுக் கேட்க வேண்டி வந்தது. 1957 பொதுத்தேர்தலில் தேவிகுளத்தில் வென்ற கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸின் தேர்தல் செல்லாது என்றாகி, 1958-ல் இடைத்தேர்தல் வந்தது. ஈ.எம்.எஸ். அரசுக்கு அது மானப் பிரச்சினை. அங்கே பாடப் போனவர் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன். பண்ணைப்புரம் இதே மலையின் அடிவாரம். கோம்பை, தேவாரத்துக்குப் பக்கம். அவருடைய தம்பி ராசையா என்கிற இளையராஜாவின் இசைப் பயணத்துக்கும் அந்தத் தேர்தல்தான் தொடக்கம்.

பாவலரைத் தமிழ் இலக்கிய வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அடிக்குறிப்பாகக்கூடச் சேர்ப்பதில்லை. எனக்கு அவர் இந்த மலைப்பாதையின் முக்கியமான கவி. தோட்டத்துப் பெண்கள் ஏற்கெனவே பாடிக்கொண்டிருந்த நாட்டுப்புற மெட்டு, சினிமாவில் கேட்டு மனசில் ஒட்டிய மெட்டு, இவற்றுக்குள் கூலியையும் கங்காணியையும் கட்சியையும் வைத்தார். கேட்கிறவருக்குப் பாட்டு பாதி தெரியும். தெரியாத மறுபாதிதான் செய்தி. எழுத்துப் படிக்காத கூட்டத்துக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. மெட்டை உடைக்காமல் உள்ளே இருப்பதை மாற்றுவது. பக்தி இயக்கத்தில் ஆண்டாள் பாவை நோன்புக்கும், மாணிக்கவாசகர் பெண்களின் அம்மானைக்கும் பொற்சுண்ணம் இடிப்பதற்கும் இதைத்தான் செய்தார்கள். வேலைப் பாட்டையும் விளையாட்டுப் பாட்டையும் தெய்வத்துக்குத் திருப்பினார்கள். பாவலர் அதைக் கூலிக்குத் திருப்பினார். இலங்கை மலையகத்திலும் இது நடந்திருக்கிறது. கோ. நடேசய்யரின் துணைவி மீனாட்சியம்மாள் தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் பாடினார். சி.வி. வேலுப்பிள்ளை அந்த மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார்.

இலங்கை என்றால் புதுமைப்பித்தனைச் சொல்லாமல் முடியாது. 1935-ல் அவர் எழுதிய 'துன்பக் கேணி' தேயிலைத் தோட்டத்துக்குப் போன மருதியின் கதை. தலைப்பைப் பாரதியின் கரும்புத் தோட்டப் பாட்டிலிருந்து எடுத்துக்கொண்டார். பெண்ணோடு கடல் கடந்து போவது வழக்கமில்லை என்பது தொல்காப்பியத்தின் மரபு. மருதி கடலைக் கடக்கிறாள். தலைவனோடு இல்லை, ஆள் பிடிக்கிறவர்களோடு. அவள் போய்ச் சேர்வதும் மலைதான், மழையும் பனியும் காடும் உள்ள சரியான குறிஞ்சி. அங்கே நடக்கும் 'புணர்தல்' துரையினுடைய அதிகாரம். மலைநிலத்தில் களவு என்று இலக்கணம் சொன்னதைப் புதுமைப்பித்தன் இந்தக் கொடுமையில் கொண்டுபோய் நிறுத்தினார். கருப்பொருள் ஒன்றும் மாறவில்லை. அகலிகையை வைத்துச் 'சாப விமோசனம்' எழுதியதைத்தான் மரபை உடைத்ததற்கு உதாரணமாக எல்லோரும் சொல்கிறார்கள். புராணப் பெயர் ஒன்றும் இல்லாத 'துன்பக் கேணி'தான் ஆழமாக உடைத்தது என்பது என் கட்சி.

இத்தனையும் சொன்னபிறகு கபிலருக்கு ஒரு நியாயம் செய்யவேண்டும். குறிஞ்சி பாடக் கபிலர் என்று பெயர் எடுத்தவர். ஐங்குறுநூற்றின் குறிஞ்சி நூறு அவருடையது. ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவிக்கப் பாடியதாகச் சொல்லப்படும் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கினார். இந்தக் கபிலரே, பாரியின் பறம்பை மூவேந்தரும் முற்றியபோது, புறநானூற்றின் 109-ஆம் பாட்டில் வேறு பட்டியல் போட்டார். உழவர் உழாமலே அந்த மலை தரும் நான்கு விளைச்சல்: மூங்கில் நெல், பலா, வள்ளிக் கிழங்கு, தேன். முற்றுகையைத் தாங்கும் மலையின் கணக்கு அது. அகத்தில் பூக்களை எண்ணியவர் புறத்தில் சோற்றை எண்ணினார். மலையில் மனிதன் என்ன தின்று உயிர் வாழ்கிறான் என்று மரபுக்குத் தெரியாமல் இல்லை. அதை வேறு அறையில் வைத்துப் பூட்டியிருந்தது. போடிச் சரிவின் எழுத்தாளர்கள் செய்த காரியம் இரண்டு அறைகளுக்கும் நடுவே இருந்த சுவரைத் தட்டியது. தொழிலைக் கருப்பொருள் வரிசையிலிருந்து எடுத்து உரிப்பொருளின் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இந்த மலையில் புணர்தலின் இடத்தில் சுமத்தல்.

சினிமாவில் அதை முழுதாகச் செய்தது 2018-ல் வந்த 'மேற்குத் தொடர்ச்சி மலை'. இயக்கிய லெனின் பாரதி இந்த மாவட்டத்துக்காரர். இசை இளையராஜா. 1958-ல் இந்த மலையில் அண்ணனோடு பாடத் தொடங்கியவர், அறுபது வருடம் கழித்து இந்த மலையின் சுமைக்காரர்களுக்கு இசையமைத்தார். படத்தின் பெரும்பகுதியில் இசையை ஒதுக்கி வைத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ரங்கசாமி என்கிற கூலி ஒரு துண்டு நிலம் வாங்க ஆசைப்படுகிறான். சேர்த்து வைத்து வாங்கிய ஏலக்காய் மூட்டை மலைச்சரிவில் உருண்டு சிதறும் இடம் அந்தப் படத்தின் உச்சம். காதல் இருக்கிறது, கல்யாணம் இருக்கிறது. இரண்டும் வந்த வேகத்தில் கடந்து போகின்றன. மூட்டையின் உருளலுக்குத்தான் காமிரா நிற்கிறது. குறிஞ்சியின் இலக்கணத்தைத் தலைகீழாக்கிய காட்சி என்று அதைச் சொல்வேன்.

போடிமெட்டிலிருந்து பூப்பாறைப் பக்கம் இறங்கும் சாலையில் ஏலத்தோட்டங்கள் தொடங்குகின்றன. பெரிய மரங்களின் நிழலுக்குள் ஆளுயரத்துக்கு மேல் ஏலத்தட்டைகள். காய் உயரத்தில் இல்லை. தட்டையின் அடியிலிருந்து தரையோடு ஓடும் சரத்தில் காய்க்கிறது. அதனால் காய் எடுக்கிறவள் ஈர மண்ணில் குத்தவைத்து, முதுகு வளைந்து, நாள் முழுவதும் தவழ்ந்தது மாதிரி நகர வேண்டும். முற்றிய காயை மட்டும் பறித்து, பிஞ்சை விட்டுவிட வேண்டும்; நாற்பது நாற்பத்தைந்து நாளில் அதே சரத்துக்கு மறுபடி வருவார்கள். அட்டை ஏறும். பாம்பு இருக்கும்.

தெரிந்த ஒருவர் சொல்லி அனுப்பியிருந்ததால் ஒரு தோட்டத்துக்குள் விட்டார்கள். சாப்பாட்டு நேரம். பெண்கள் தூக்குவாளிகளைத் திறந்து வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். காலையில் ஜீப்பில் ஏறிய முகங்களாகக்கூட இருக்கலாம். அந்தப் படத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"டிவியில போட்டாங்கல்ல, பாத்தோம்" என்றார் மூத்தவர். "அச்சு அசல் இந்த மலைதான். ஆனா அதுல எல்லாரும் நடந்தே போறாக. நாங்க எங்க நடக்கோம்? புளி மூட்டையாட்டம் ஜீப்புல அடைச்சுல்ல கொண்டாராங்க."

பக்கத்திலிருந்த இளையவள் சிரித்தாள். "நடந்தாத்தான் கதை பேசிக்கிட்டுப் போகலாம் அத்தை. ஜீப்புல மூச்சு விட்டாலே போதும்."

எனக்குச் சுரீரென்றது. கழுதைப்பாதையும் படமும் நடையை நம்பியவை. நடக்கிறவனுக்கு வழி இருக்கிறது, வழித்துணை இருக்கிறது, இறக்கி வைக்கக் கல் இருக்கிறது, கல்லருகே சாமி இருக்கிறது. கதைக்கு வேண்டியதெல்லாம் நடையிலேயே கிடைக்கும்; மலைபடுகடாம் முதற்கொண்டு ஆற்றுப்படைகள் அப்படித்தான் எழுந்தன. ஜீப்பில் அடைந்து, இறங்கி, குத்தவைத்து, மறுபடி அடைந்து திரும்புகிற பெண்ணின் நாளுக்கு எந்த வடிவம் பொருந்தும்? வழிநடைக் கதையின் அழகு அதில் ஒட்டாது. தலைச்சுமைக்காரனின் நாவலும் அவளைப் பொறுத்தவரை பழைய மரபாகிவிட்டது.

"நீங்க எதுக்குச் சார் இதெல்லாம் கேக்குறீங்க? பேப்பர்ல எழுதுவீங்களா?" என்றார் மூத்தவர்.

பத்திரிகையில் எழுதுவேன் என்றேன்.

"எழுதுனா எம்பேரப் போட்றாதீங்க. கங்காணிக்குத் தெரிஞ்சா நாளைக்கு ஜீப்புல ஏத்த மாட்டாரு."

"கங்காணி அதெல்லாம் படிப்பாரா?"

"அவரு எங்க படிக்க? அவரு மக படிக்கும். காலேசுல தமிழ்தான் எடுத்திருக்கு. லீவு விட்டா அதுவும் எங்ககூடக் காய் எடுக்க வரும்."